பதினோரு மாடியும் அரை மணி நேரமும்

மார்ச் 4

சகலைக்கு,

போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கிறீங்க. நேர்ல வந்தா நீங்க வீட்ல இல்லைன்னு அக்கா சொல்றாங்க, ஆனா உங்க செருப்பு வாசல்லயே கிடக்கு. வேற வழி தெரியாமத்தான் எழுதுறேன். பள்ளிக்கூடத்துல லீவு லெட்டர் எழுதினதுக்கு அப்புறம் இதுதான் முதல் கடிதம். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் வாரா வாரம் சந்திக்கிறாங்களே, என் வீட்டுக்காரி பையில போட்டு அனுப்புறேன். தபால்காரி வேலைக்கு அவ ஒத்துக்கிட்டதே பெரிய விஷயம். நாலு நாளா என்கூட அவ பேசல. தட்டு வருது, சாப்பாடு வருது, வார்த்தை மட்டும் வரல.

நடந்ததை ஒரு தடவை வரிசையா சொல்லிடறேன். சண்டை போடறதுன்னாலும் ஒரே கதையை வச்சுக்கிட்டுப் போடலாம்.

நவம்பர்ல உங்க தீயணைப்பு ஸ்டேஷன்லேருந்து ஒன்பது பேர் எங்க லேபுக்கு வந்தீங்க. முழு உடுப்போட, முதுகுல சிலிண்டரோட பதினோரு மாடி ஏறணும். ஏறி முடிச்சதும் பாதிப் பேர் அரை மணி நேரம் சும்மா உட்காரணும். மீதிப் பேருக்கு முகத்துல மாஸ்க் போட்டு மெஷினே காத்தை உள்ள தள்ளும். மூச்சு இழுக்கிற தசைக்கு அந்த அரை மணி நேரம் ஓய்வு. அப்புறம் வாயில ட்யூபை வச்சு முடிஞ்ச மட்டும் இழுத்துக் காட்டணும். அப்படிக் களைச்சுப் போன தசை எவ்வளவு சீக்கிரம் தேறுதுன்னு பார்க்கத்தான் இத்தனையும். நீங்க மாஸ்க் போட்ட பக்கம். ஏறுறதுக்கு முன்னாடி உங்க இழுப்பு 128. ஒன்பது பேர்ல நீங்கதான் முதல். அதை நீங்க எத்தனை வீட்ல சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும்.

பிப்ரவரி கடைசியில இரண்டாவது சுற்று. வழக்கம்போல எல்லாருக்கும் முன்னாடி வந்து நின்னீங்க. மத்தவங்க வர இன்னும் ஒரு மாசம் இருக்கு. மாடி ஏறாமலே எண் 84. மூணு தடவை பார்க்கணும்னு விதி, நான் ஏழு தடவை பார்த்தேன். மூணு மாசத்துல மூணுல ஒரு பங்கு பலம் போயிருக்கு சகலை. ஏற வேண்டாம்னு நிறுத்தினேன். எண் இப்படி விழுந்தா ஸ்டேஷன் டாக்டருக்கு எழுதணும்னு நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கு. எழுதினேன்.

உங்ககிட்ட முதல்ல சொல்லிட்டு எழுதியிருக்கணும். அது என் தப்புதான். சொன்னா நீங்க தடுப்பீங்கன்னு பயந்தேன். எழுதினதை மட்டும் தப்புன்னு சொல்லாதீங்க. புகைக்குள்ள போற வேலை உங்களுது.

ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம், வாங்க. கெஞ்சிக் கேக்கிறேன்.

உங்க சகலை


மார்ச் 9

மெஷின்காரருக்கு,

லெட்டர் கிடைச்சுது. கிழிச்சுப் போடலாம்னு எடுத்தேன், உங்க அக்கா பக்கத்துலயே நின்னா.

இப்ப நான் எங்க உட்கார்ந்திருக்கேன் தெரியுமா? ஸ்டோர்ல. நீ போட்ட ஒரு எண்ணால இருபத்திரண்டு வருஷம் உள்ள போய் வந்தவனை ஆபீசர் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் ஸ்டோரைப் பார்த்துக்கோங்க"ன்னு தோள்ல தட்டினாரு. அந்தத் தட்டலைத்தான் என்னால தாங்க முடியல. திட்டியிருந்தா பரவாயில்ல.

ஹோஸை உருட்டி வைக்கிறேன். கப்ளிங் வாஷரை எண்ணி டப்பாவுல போடுறேன். ஈரமான கையுறையைக் கம்பியில மாட்டுறேன். மணி அடிக்குது. அவனுங்க எல்லாம் கால்ல சுடுதண்ணி ஊத்தின மாதிரி ஓடுறானுங்க. நான் எந்திரிச்சு நிக்கிறேன். வண்டி வெளிய போற சத்தம் கேக்குது. மறுபடி உட்கார்றேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை இப்படி எந்திரிச்சு உட்கார்றேன். ஷூ கயித்தை அவுத்து அவுத்துக் கட்டுறேன். ஒரு இடத்துல இருப்புக்கொள்ளல.

என்கூட ஜோடியா உள்ள போறவன் நெட்டை. ஒன்பது வருஷமா அவன் முன்னாடி, நான் பின்னாடி. இப்ப அவன்கூட யாரோ ஒருத்தன் போறான். நெட்டை என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கல. ஸ்டோர் ஜன்னல்கிட்ட வந்து சிலிண்டரை வாங்கிக்கிட்டு, "சரிண்ணே"ங்கிறான். அவ்வளவுதான்.

நான் நல்லாத்தான் இருக்கேன். 128 இழுத்தவன் நான். ட்யூபை எப்படிப் பிடிக்கணும்னு வரிசையில நின்ன எட்டுப் பேருக்கும் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நீ அந்தப் பக்கம் திரும்பி ஸ்கிரீனைப் பார்த்து "இழுங்க, இழுங்க, விடாதீங்க"ன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருந்தே. பிப்ரவரியில எனக்குச் சளி. அதுக்குப் போய் ஊரைக் கூட்டிட்டே.

சொந்தக்காரன்னு நம்பி உன் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.

ஸ்டோர்காரன்


மார்ச் 15

சகலைக்கு,

உங்களுக்குச் சளி இல்ல. அன்னைக்கு நான் கேட்டேன், இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க. தாள்ல எழுதி வச்சிருக்கேன். இதைச் சொன்னா இன்னும் கோபம் வரும்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன்.

நீங்க என்னைக் கோள்மூட்டின்னு நினைக்கிறீங்க. மாமா வீட்ல எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. போன ஞாயித்துக்கிழமை மாமாவைப் பார்க்கப் போனேன். பெரிய மாப்பிள்ளை வாரத்துக்கு மூணு நாள் வந்து தன் ரூம்லயே உட்கார்ந்து பேசிட்டுப் போறாருன்னு உங்க புகழைத்தான் பாடினாரு. நான் வாங்கிட்டுப் போன பழத்தைத் தொடக்கூட இல்ல.

ஒண்ணு மட்டும் கேக்கிறேன், கோபப்படாம பதில் எழுதுங்க. மல்லாந்து படுக்க முடியுதா? நீங்க சாய்வு நாற்காலியிலயே தூங்குறதா அக்கா சொன்னாங்களாம். குனிஞ்சு ஷூ கட்டும்போது மூச்சு முட்டுதா? நீங்க ஷூ கயித்தை அவுத்து அவுத்துக் கட்டுறேன்னு எழுதினதுலேருந்து எனக்கு இதே யோசனை. லேபுல ஒரு வேலை ஓடல. ஒரு குழாயை எடுத்து வேற எங்கயோ மாட்டிட்டு நிக்கிறேன்.

மத்த எட்டுப் பேரும் மாசக் கடைசியில வர்றாங்க. நீங்களும் கூட வாங்க. யாருக்கும் தெரியாம மறுபடி பார்க்கிறேன்.

உங்க சகலை


மார்ச் 18

பொண்டாட்டிங்களை வேவு பார்க்க அனுப்பாதே. நான் எங்க படுக்கிறேன், எப்படிப் படுக்கிறேன்ங்கிறது உன் ஆராய்ச்சியில இல்ல. முதுகு வலி, அதனால நாற்காலி. இனி லெட்டர் வேண்டாம்.


ஏப்ரல் 2

சகலைக்கு,

எழுத வேண்டாம்னு சொன்னீங்க. எழுதாம இருக்க முடியல. நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சுட்டு, காலையில முதல் வேலையா இதை எழுதுறேன்.

உங்க ஸ்டேஷன் ஆளுங்க எட்டுப் பேரும் வந்தாங்க. எட்டுப் பேருக்கும் எண் விழுந்திருக்கு. 119 இருந்தவர் 82. 124 இருந்தவர் 91. நெட்டைக்கு 126-லேருந்து 98. இதே ஆராய்ச்சியில சைக்கிள் பந்தயக்காரங்களும் இருக்காங்க; அதே வாரம் வந்த அந்தச் சைக்கிள்காரங்க ஆறு பேருக்கு நவம்பர்ல என்னவோ அதேதான் இப்பவும். ஒன்பது தீயணைப்புக்காரங்களுக்கு மட்டும் ஒரே நேரத்துல நெஞ்சு கெட்டுப்போகுமா? மெஷினை மூணு தடவை சரிபார்த்துட்டேன். மெஷின்ல கோளாறு இல்ல.

நவம்பருக்கும் இப்பவுக்கும் மாறினது ஒண்ணே ஒண்ணு. வாயில வைக்கிற ட்யூப். பழசுல விரிசல் விட்டுப் புதுசு வாங்கினோம். பழைய ட்யூப்ல மேல் பக்கம் ஊசி நுழையிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். புதுசுல அதே ஓட்டை முன்பக்கம், கம்பி வலைக்கு உள்ள, விரல் எட்டாத இடத்துல.

நீங்க லெட்டர்ல, ட்யூபை எப்படிப் பிடிக்கணும்னு எட்டுப் பேருக்கும் சொல்லிக்கொடுத்தேன்னு எழுதியிருந்தீங்க. அதை இன்னைக்குத்தான் கவனிச்சுப் படிச்சேன். என்ன சொல்லிக்கொடுத்தீங்க? கட்டைவிரலை எங்க வச்சீங்க? எனக்கு உடனே தெரியணும்.

உங்க சகலை


ஏப்ரல் 4

சகலைக்கு,

ஓட்டை மேலதான் வச்சேன். வேற எங்க வைப்பாங்க?

இழுக்கும்போது அதுல "ஸ்ஸ்"னு சத்தம் வந்துச்சு. எங்க தொழில்ல மாஸ்க் ஓரத்துல அப்படிச் சத்தம் கேட்டா யாரும் யோசிச்சுக்கிட்டு நிக்க மாட்டாங்க. கை தானா போயிடும். கசிஞ்சா சிலிண்டர் சீக்கிரம் தீரும், புகை உள்ள வரும். சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. உன் ட்யூப் பழசு, கசியுதுன்னு நினைச்சேன். சொந்தக்காரன் மானம் போகக் கூடாதுன்னு உன்கிட்ட சொல்லாம விரலை அழுத்தி மூடினேன். பின்னாடி நின்னவனுங்ககிட்ட, "மேல ஒரு ஓட்டை இருக்கு, அழுத்திப் பிடிச்சுக்கோங்கடா, மெஷின்காரர் பாவம்"னு சொன்னேன். எல்லாரும் மூடினாங்க.

அந்த ஓட்டை எதுக்குன்னு நீ சொன்னியா? ஒரு வார்த்தை சொன்னியா? கத்துறதுக்கு மட்டும் குரல் இருந்துச்சு.

ஆக, என் பலம் எங்கயும் போகல. அப்பவும் 84, இப்பவும் 84. உன் கவனக்குறைவுக்கு நான் ஒரு மாசத்துக்கு மேல வாஷர் எண்ணிக்கிட்டு இருக்கேன். மூணு நாள் தர்றேன். ஸ்டேஷனுக்கு எழுதிடு. இல்லைன்னா ஆபீசரையே கூட்டிக்கிட்டு உன் லேபுக்கு வந்து நிப்பேன்.

சிரிப்பு சிரிப்பா வருது சகலை. இத்தனை நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் சிரிச்சேன். உங்க அக்கா பயந்துட்டா.


ஏப்ரல் 10

சகலைக்கு,

எழுதிட்டேன். நேத்தே உங்க ஆபீசர் கைக்குப் போயிடுச்சு.

முதல்ல லேபை நடத்துற எங்க டாக்டரம்மாகிட்ட சொன்னேன். அந்த ஓட்டை வேணும்னே வச்சது. அது திறந்திருந்தா கன்னத்தை ஒட்டி உறிஞ்சி எண்ணை ஏத்த முடியாது. நெஞ்சும், நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானமும் இழுக்கிற பலம் மட்டும்தான் தெரியும். மூடினா குடிக்கிற குழாயை உறிஞ்சுற மாதிரி வாயே எண்ணைக் கூட்டிடும். இதை ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லணும், விரலைப் பார்க்கணும். நான் சொல்லல, பார்க்கல. சைக்கிள்காரங்களுக்கு விரல் அங்க போகல, அதனால தப்பு வெளிய வரல. டாக்டரம்மா திட்டல. ஒன்பது பேர் எண்ணையும் சிவப்புப் பேனாவால அடிச்சாங்க. ஒவ்வொரு கோடா, மெதுவா. நான் பேனா மூடியை வச்சுக்கிட்டு நின்னேன். இப்ப என்னை மெஷின் பக்கம் விடுறதில்ல. ட்யூப் கழுவுற வேலை.

என்னை மன்னிச்சிடுங்க. உங்களை ஒரு மாசத்துக்கு மேல ஸ்டோர்ல உட்கார வச்சது என் அஜாக்கிரதைதான். வீட்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். என் வீட்டுக்காரி இன்னைக்குப் பேசினா. "சாப்பிட வா"ன்னு ரெண்டு வார்த்தை.

84 குறைவுதான், ஆனா ஆரோக்கியமான ஆளுக்கு இருக்கக்கூடிய அளவுக்கு உள்ளதான். திங்கக்கிழமை உங்களை மறுபடி உள்ள போற குழுவுல சேர்க்கிறாங்கன்னு ஆபீசர் போன்ல சொன்னாரு.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனா எனக்கு மனசு ஒரு நிலையில இல்ல. ஏன்னு சொல்லிடறேன். நவம்பர்ல மாடி ஏறினதுக்கு அப்புறம் நீங்க மாஸ்க் பக்கம். மெஷின் உங்க வேலையைச் செஞ்சுது. பிப்ரவரியில நானே ஏற விடல. அதனால, ஏறி முடிச்சுட்டு மெஷின் இல்லாம உட்கார்ந்தா உங்க மூச்சு தேறுதா இல்லையான்னு இன்னைய தேதி வரைக்கும் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

உங்க சகலை


ஏப்ரல் 21

சகலைக்கு,

தெரியும்.

இதை எழுத மூணு தாளைக் கசக்கிப் போட்டுட்டேன். நாலாவது இது.

திங்கக்கிழமை உடுப்பை மாட்டினப்போ பசங்க கை தட்டினாங்க. நெட்டை மட்டும் தட்டல, என் சிலிண்டர் வாரை இழுத்துச் சரிபண்ணினான். சனிக்கிழமை மத்தியானம் ஒரு அடுக்குமாடி. அஞ்சாவது மாடியில நெருப்பு, ஆறுல புகை. லிஃப்ட் ஆகாது. ஹோஸைத் தூக்கிக்கிட்டு நெட்டை முன்னாடி, நான் பின்னாடி. மூணாவது மாடியில எனக்கு வயிறு உள்ள போற மாதிரி ஆச்சு. மூச்சு வருது, ஆனா இறங்க மாட்டேங்குது. நாலுல சுவரைப் பிடிச்சேன். அஞ்சு தாண்டி, ஆறாவது மாடிப் படி முடியிற இடத்துல உட்கார்ந்துட்டேன். உட்கார்ந்தவன் எந்திரிக்கல. நாலு நிமிஷம். அது எவ்வளவு நேரம்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நெட்டை என் பக்கத்துல நின்னு அவன் காத்து அளவைப் பார்த்துக்கிட்டே இருந்தான். எங்கள்ல ஒருத்தன் நின்னா இன்னொருத்தனும் நிக்கணும், அதுதான் சட்டம். நாங்க தேடப் போன அந்த ஆறாவது மாடி வீட்ல யாரும் இல்ல. எல்லாரும் முன்னாடியே இறங்கிட்டாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அப்ப தெரியாது.

கீழ வந்து அவன் யார்கிட்டயும் சொல்லல.

இது முதல் தடவை இல்ல சகலை. அக்டோபர்லயே ஒரு தடவை. ஜனவரியில ஒரு தடவை. உன் எண் தப்பு. ஆனா நீ எழுதினது தப்பு இல்ல. அதான் உன் மேல அவ்வளவு கோபம். பொய் சொல்லியிருந்தா இவ்வளவு கோபம் வந்திருக்காது.

இன்னொண்ணையும் கொட்டிடறேன். மாமா வீட்டுக்கு வாரம் மூணு நாள் போறேன்ல, அவரைப் பார்க்க இல்ல. ராத்திரி மூச்சுக்காக அவர் முகத்துல மாட்டிக்கிட்டுத் தூங்குற அந்தக் காத்து மெஷின் இருக்கே, அதுக்குத்தான். நவம்பர்ல உன் லேபுல மாஸ்க் போட்ட அரை மணி நேரம் எப்படி இருந்துச்சு தெரியுமா? யாரோ பின்னாடிலேருந்து தாங்கிப் பிடிச்ச மாதிரி. அதுலேருந்து பயிற்சி முடிஞ்சதும் நேரா மாமா ரூமுக்குப் போவேன். அவர் கதை பேசுவாரு, நான் மாஸ்க்கை மாட்டிக்கிட்டுத் தலையாட்டுவேன். பெரிய மாப்பிள்ளைக்குத் தன் மெஷின் மேல அவ்வளவு அக்கறைன்னு அவருக்குப் பெருமை. அவர்கிட்ட சொல்லிடாதே. வயசான காலத்துல அந்தச் சந்தோஷமாவது இருக்கட்டும்.

ஞாயித்துக்கிழமை வர்றேன். உங்க டாக்டரம்மாவும் இருக்கட்டும். பதினோரு மாடி ஏறுறேன். மாஸ்க் வேண்டாம். கட்டைவிரலை எங்க வைக்கணும்னு நீயே பிடிச்சு வை.

எனக்குப் பயமா இருக்கு.


ஏப்ரல் 30

சகலைக்கு,

ஞாயித்துக்கிழமை நீங்க ஒன்பதாவது மாடியில நின்னப்போ நான் கத்தல. கவனிச்சீங்களா? கத்தினா ஏறிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு.

எண்களை உங்களுக்கு அன்னைக்கே காட்டியிருக்கணும், கை வரல. ஏறுறதுக்கு முன்னாடி 84. ஒன்பது மாடி ஏறி நின்னதும் 57. அரை மணி நேரம் உட்கார்ந்ததுக்கு அப்புறம் 59. மத்தவங்க எல்லாம் அந்த நேரத்துக்குள்ள பழைய இடத்துக்குத் திரும்பிடுவாங்க. நெட்டை திரும்பிட்டாரு.

செவ்வாய்க்கிழமை எடுத்த எக்ஸ்ரே வந்துடுச்சு. உதரவிதானம் வலது பக்கம் மேல ஏறி நிக்குது, மூச்சு இழுக்கும்போது அசைய மாட்டேங்குது. இடது பக்கம் ஒத்தை ஆளா ரெண்டு பேர் வேலையைப் பார்த்துக்கிட்டு இருக்கு. சும்மா இருக்கிறப்போ போதும். படி ஏறினா களைச்சுப் போகுது. போன வருஷம் ஒரு தீயில கூரை மரச்சட்டம் உங்க கழுத்தோரமா விழுந்துச்சே, அப்ப நரம்பு அடிபட்டிருக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. அந்தத் தசைக்குப் போற நரம்பு கழுத்து வழியாத்தான் இறங்குதாம். ஒரு வருஷத்துல, ஒண்ணரை வருஷத்துல திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். இதுக்கு மேல தெளிவா யாராலயும் சொல்ல முடியாது. மல்லாந்து படுக்க முடியாததும் இதனாலதான். உங்க முதுகு நல்லாத்தான் இருக்கு.

அறிக்கையை டாக்டரம்மா என் கையில கொடுத்து உங்க ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. உங்க சம்மதக் கையெழுத்துக்கு ஒரு இடம் விட்டிருக்கு. அது என் மேஜை டிராயர்ல இருக்கு. நான் அனுப்பல.

சொல்லக் கூடாததைச் சொல்றேன். மே பன்னிரண்டாம் தேதி உங்க வருஷப் பரீட்சை. அதுல எட்டு மாடிதான். அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் மாமா மெஷினைப் போட்டுக்கிட்டுப் போனா நீங்க பாஸ் பண்ணிடுவீங்க. கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். லேபுல வந்தது ஆராய்ச்சி எண், ஏறுறதுக்கு முந்தின 84-ம் விழல, அதனால உங்க ஸ்டேஷன் கேக்காம நாங்களா கொடுக்க வேண்டியதில்லைன்னு ஒரு சாக்கும் இருக்கு. முதல் தடவை தப்பான எண்ணை அவசர அவசரமா அனுப்பி உங்க பிழைப்புல மண்ணைப் போட்டேன். இப்ப சரியான எண் கையில இருக்கு, அனுப்ப மனசு வரல. அக்கா முகத்தைப் பார்க்க முடியல. இருபத்திரண்டு வருஷம்.

நீங்க சொல்றபடி செய்றேன். அனுப்பாதேன்னா டிராயரைப் பூட்டிடறேன்.

உங்க சகலை


மே 7

சகலைக்கு,

அனுப்பு. கையெழுத்துப் போட்டு இதோட வச்சிருக்கேன். ஆபீசர்கிட்ட நானே வாயால சொல்லிட்டேன், இருந்தாலும் தாள் வேணும்.

உன் லெட்டர் வந்த அன்னைக்கு நான் நல்லவன் எல்லாம் ஆகிடல. மாமா வீட்டுக்குப் போனேன். மெஷினை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். எட்டு மாடி, அரை மணி நேரம், பாஸ். நீ சொன்ன கணக்கு எனக்கும் இனிச்சுது. இன்னும் நாலு வருஷம் ஓட்டிடலாம்னு நினைச்சேன்.

ஆனா நெட்டைகிட்ட மட்டும் மறைக்க முடியாது. என் பின்னாடி இல்ல, என் முன்னாடி போறவன் அவன். திரும்பிப் பார்த்தா நான் இருக்கணும். அதனால அவனைக் கூப்பிட்டு, வண்டி கழுவுற இடத்துல வச்சு, எக்ஸ்ரே சமாசாரம் எல்லாத்தையும் சொன்னேன். உனக்கு என்ன தோணுது, நான் பரீட்சைக்குப் போகட்டுமான்னு கேட்டேன்.

அவன் ஹோஸை மூடிட்டுக் கையைத் துடைச்சான். "அக்டோபர்லேருந்து தெரியும்ணே"ன்னான். அப்புறம் ஒண்ணு சொன்னான் சகலை. அவன் சொன்னதை அப்படியே எழுதுறேன்.

"உங்களைத் தூக்கிக்கிட்டு இறங்குற அளவுக்குக் காத்து மிச்சம் வச்சிட்டுத்தான்ணே நான் உள்ள போவேன். அளவு பாதிக்கு வந்ததும் திரும்பிடுவேன். முன்னாடி எல்லாம் கடைசி ரூம் வரைக்கும் போவோம்ல. இப்ப போறதில்ல."

எத்தனை தடவைன்னு கேட்டேன். ஏழு வீடுன்னான். ஏழுலயும் யாரும் இல்ல, நல்லவேளைன்னான். எண்ணி வச்சிருக்கான். ஏழு வீட்ல அவன் கடைசி ரூம் கதவு வரைக்கும் போய், திறக்காம திரும்பியிருக்கான். புகையில அவன் பின்னாடி நின்ன எனக்கு அது தெரியல. உள்ள யாரும் இல்லைன்னு அப்புறம்தான் அவனுக்குத் தெரியும். ஏழு தடவை அப்படி வெளிய வந்து, அடுத்த தகவல் வர்ற வரைக்கும் அவன் எப்படி உட்கார்ந்திருந்திருப்பான். நான் அந்த நாள்ல எல்லாம் டூட்டி முடிஞ்சு மாமா ரூம்ல மாஸ்க் போட்டுக்கிட்டுத் தலையாட்டிக்கிட்டு இருந்தேன்.

ஏன்டா சொல்லலன்னு கேட்டேன். "நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன்"னான். அழுதுட்டேன். அவன் மறுபடி ஹோஸைத் திறந்து வண்டியைக் கழுவ ஆரம்பிச்சுட்டான்.

இப்ப நான் வயர்லெஸ் மேஜையில இருக்கேன். ஸ்டோரை விட இது மேல், ஆனா ஒரு நிமிஷம் சும்மா உட்கார முடியல. பேனாவைத் திருகுறேன், நாற்காலியைத் தள்ளுறேன், எந்திரிச்சு மேப் கிட்டப் போறேன், வர்றேன். கேக்க மட்டும்தான் முடியும்ங்கிறது என்ன வேதனைன்னு இருபத்திரண்டு வருஷமா அந்த மேஜையில உட்கார்ந்தவங்க யாரும் என்கிட்ட சொல்லவே இல்ல.

நேத்து காலையில ஒரு துணி கிடங்கு. நெட்டையோட புதுசா ஒருத்தன் போனான், கல்லு மாதிரி இருக்கான். அளவு பாதிக்கு வந்திருக்கும்னு நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். திரும்பிடுவான்னு நினைச்சேன். திரும்பல. இன்னும் அஞ்சு நிமிஷம் போச்சு. மைக்கைக் கையில எடுத்து வச்சுக்கிட்டேன். அப்புறம் வயர்லெஸ்ல அவன் குரல் வந்துச்சு, மூச்சு வாங்க வாங்க: "கடைசி ரூம் வரைக்கும் பார்த்தாச்சு. யாரும் இல்ல. வர்றோம்."

சரின்னு நான்தான் பதில் சொன்னேன்.